வெட்டுப்பட்ட பூட்டு

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மாவு சொன்ன பேச்சு கேட்காது. காலையில் ஈஸ்ட் போட்டுக் கலந்து வைத்த மாவு மதியம்வரை பெட்டிக்குள் அடங்கிக் கிடக்க வேண்டும். அன்றைக்கு அது முற்பகலிலேயே மரப்பெட்டிகளின் விளிம்பைத் தாண்டித் தரையில் வழிய ஆரம்பித்திருந்தது. இப்படிப் பொங்கிய மாவை உடனே பெரிய தொட்டியில் கொட்டிப் பிசைந்தாக வேண்டும் என்பது ரொட்டித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். தாமதித்தால் புளித்துவிடும். புளித்ததைச் சாக்கடையில் கொட்டவும் முடியாது. அங்கேயும் போய்ப் பொங்கும்.

பெரிய தொட்டியின் மெயின் சுவிட்சில் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்குச் சொந்தக்காரர் தொழிற்சாலையில் இல்லை. பூட்டை வெட்டிவிட்டார்கள்.

வெட்டியவன் அந்த ஷிப்ட்டின் சூப்பர்வைசர். பூட்டு ஃபிட்டருடையது. ஃபிட்டர் அவனுக்கு அக்கா கணவர்.

சுவிட்ச் பெட்டிக்கு மேலே ஒரு பலகை உண்டு. யாராவது தொட்டிக்குள் இறங்கினாலோ கைவிட்டாலோ, முதலில் லீவரைக் கீழே இழுத்துத் தன் பூட்டைப் போட வேண்டும். போட்டவரே திறக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் தேடிப் போய் நேரில் கண்ட பிறகுதான் வெட்டலாம். யாராக இருந்தாலும் இதுதான் விதி. முதலாளியின் தம்பிக்கு அந்தத் தொட்டியில் வலது கை போன பிறகு எழுதி மாட்டிய பலகை அது. அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் எல்லோரும் சொல்வார்கள். பலகையில் எந்நேரமும் மாவு படிந்திருக்கும். அதை நின்று வாசித்தவர்கள் குறைவு, மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அதிகம்.

பூட்டை வெட்டி லீவரை ஏற்றியதும் தொட்டி சுற்றியது. ஒரு சுற்றுகூட முழுதாக முடியவில்லை, உள்ளே ஏதோ இரும்பு அலறியது. தொட்டியைச் சுத்தம் செய்கிற அம்மாளின் சுரண்டி, பிசைகிற கொக்கியில் சிக்கி, அச்சு வளைந்து இயந்திரம் நின்றது. மாவு முழுவதும் புளித்து வீணானது. ஆட்கள் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

அன்று மாலை மைத்துனன் ஃபிட்டர் வீட்டுக்கு வந்தான். பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறை கொண்ட வீடு. படியேறும்போதே, "அக்கா, தம்பிக்கு ஒரு தட்டு வை" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவன், அன்றைக்குச் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வந்து நின்றான். கையில் வழக்கம்போல ரொட்டியின் ஓரத்துண்டுகள் அடைத்த பை. கீழே டயர் ஒட்டும் பசையின் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. காற்று அசையவில்லை.

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"இப்பதான் தூங்குறா. கத்தாத," என்றாள் அக்கா.

"நான் எங்க கத்தினேன்?"

"நீ மெதுவா பேசினாலே மூணு வீட்டுக்குக் கேக்கும்."

அவன் சிரிக்கவில்லை. அவள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். குழந்தைக்குக் காலையில் இளைப்பு வந்து உதடு நீலம் பாரித்துவிட்டது. அவள் போன் செய்ய, ஃபிட்டர் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, இருவருமாக டாக்டரிடம் தூக்கிப் போயிருந்தார்கள். மூக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் குழந்தைக்கு நிறம் திரும்பியது. அந்தக் கவலையே இன்னும் அவள் உடம்பை விட்டு இறங்கியிருக்கவில்லை. இப்போது தம்பி வேறு இப்படி வந்து நிற்கிறான்.

மைத்துனன் தரையில் உட்கார்ந்தான். பேன்ட் பையிலிருந்து எதையோ எடுத்து ஃபிட்டர் முன்னால் வைத்தான்.

"மாமா, இத எங்கயாவது தூக்கிப் போட்டுருங்க."

ஃபிட்டர் பூட்டைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். வளையத்தில் இரண்டு வெட்டு இருந்தது. ஒன்று பாதியில் நின்றிருந்தது.

"எந்தக் கட்டர்?"

"நம்ம ஒர்க் ஷாப்ல கிடந்ததுதான்."

"அது மொக்கையாச்சே."

"ஆமா. முதல் தடவை அழுத்தினேன், கடிக்கல. இன்னொரு தடவை வச்சு அழுத்த வேண்டியதாப் போச்சு."

"அப்ப நடுவுல யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு."

"மாமா, குத்திக் காட்டாதீங்க. பெரியவரு என் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறாரு. இந்தப் பக்கம் மாவு வழிஞ்சு என் ஷூவுக்குள்ள போகுது. நான் சொன்னேன், சார், பலகையில இருக்கேன்னு. அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'பலகைய மாட்டினது யாரு? நான். ஆணி அடிக்கிறப்ப ஏணியப் பிடிச்சதும் நான். நான் போட்ட விதிய நான் எடுக்கக் கூடாதா? வெட்டு'ன்னாரு."

"நீ வெட்டிட்ட."

"உடனே வெட்டல. அக்காவுக்குப் போன் போட்டேன். அவகிட்டயே கேளுங்க."

அக்கா அடுப்பில் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஆமா, போட்டான்," என்றாள். "மாமா எங்கன்னு கேட்டான். இங்கதான் டாக்டர் வீட்ல இருக்காரு, அங்க வேற யாரு இருக்கப் போறாங்கன்னேன். பொய்யா சொன்னேன்?"

"என்கிட்ட போனைக் குடுத்திருக்கலாம்ல?"

"நீங்க மருந்து வாங்க வரிசையில நின்னீங்க. மடியில புள்ள மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கா. அந்த நேரத்துல பூட்டு, சாவின்னு எவ யோசிப்பா?"

ஃபிட்டர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பூட்டு போய்விட்டாலும் சாவி இன்னும் அங்கேதான் இருந்தது.

மைத்துனன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு மதியம் விசாரணை. சின்னவர் உக்காந்து கேப்பாரு. அவரு கேக்காம விடமாட்டாரு, உங்களுக்குத் தெரியும். அதனால பெரியவர் எல்லாம் பேசி முடிச்சிட்டாரு. சுரண்டிய உள்ள விட்டது அந்த அம்மா. அது அவங்க கவனக்குறைவு. கான்ட்ராக்ட் ஆள்தானே, நிறுத்திட்டா வேலை முடிஞ்சுது. பூட்டப் பத்திப் பேச்சே வராது. நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும் மாமா. கிளம்பும்போது பூட்டக் கழட்டிட்டுத்தான் போனேன்னு."

"அவ்வளவுதானே?" என்றாள் அக்கா. அவள் குரலில் மூச்சு விட்ட மாதிரி ஒரு தளர்வு. "சொல்லிடுங்க. யாருக்கும் அடியில்ல, காயமில்ல. ஒரு இரும்பு வளைஞ்சதுக்கா இந்தப் பாடு?"

"கழட்டிட்டுப் போனேன்னு நான் சொன்னா," என்றார் ஃபிட்டர், "அந்தம்மா எந்தப் பூட்ட நம்பி உள்ள உக்காந்திருந்தாங்க?"

"உள்ள யாரு உக்காந்திருந்தா?"

"அந்தம்மாதான். நான் கிளம்புறப்ப அவங்க தொட்டிக்குள்ள இருந்தாங்க. அதனாலதான் பூட்ட விட்டுட்டுப் போனேன். இது கிடக்கட்டும்க்கா, நான் வர்ற வரைக்கும் யாரும் தொடமாட்டாங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்."

அடுப்புப் பக்கமிருந்து அக்கா திரும்பினாள்.

"இல்ல மாமா," என்றான் மைத்துனன். "வாளியோட வெளிய நின்னாங்க. நான் பாத்தேன்."

"எப்ப பாத்த? லீவரை ஏத்துறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

சுவிட்ச் பெட்டி சுவருக்கு இந்தப் பக்கம், தொட்டி அந்தப் பக்கம். சத்தம் கேட்டு மைத்துனன் ஓடிப் போய்ப் பார்த்தபோதுதான் அந்த அம்மாள் வாளியோடு நின்றார். அதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார் என்று அவன் இந்த நிமிஷம்வரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முகத்தைத் துடைப்பவன்போல இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அந்தக் கைகளை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கான்ட்ராக்ட் ஆளுக்குப் பூட்டு குடுக்க மாட்டாங்க," என்று ஃபிட்டர் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "இத்தனை வருஷமா அவங்க யாராவது ஒருத்தர் பூட்ட நம்பித்தான் உள்ள வேலை பாக்குறாங்க. அதுவும் தப்பு. பூட்ட விட்டுட்டு நான் வெளிய போனதும் தப்பு. லாரியில மூட்டை ஏத்துறவன் பூட்ட வெட்டினான்னு போன வருஷம் சாட்சி சொன்னது நான்தான். அவன வீட்டுக்கு அனுப்பினாங்க."

"அவன் வேற மாமா. அவன் குடிச்சிருந்தான்."

"பலகையில குடிச்சவன், குடிக்காதவன்னு ஒண்ணும் போடலியே."

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க?" அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "போய் எல்லாத்தையும் கொட்டப் போறீங்களா? இவன் வேலையும் போயி, உங்க வேலையும் போயி, ரெண்டு பேரும் இந்த ரூம்ல எதிரெதிரா உக்காந்து மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? புள்ள மருந்துக்கு எங்க போறது? சட்டம், விதி எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க தலையில வைக்கத்தான். பெரியவர் தலையில எவன் வைப்பான்?"

யாரும் சாப்பிடவில்லை. வெந்த கிழங்கு தோல் உரியாமலே ஆறிப் போனது.

மறுநாள் காலையிலும் மழை இறங்கவில்லை. ஃபிட்டர் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அந்த அம்மாள் வந்தார். தொழிற்சாலையில் அவருக்குச் சுரண்டியக்கா என்றுதான் பெயர். ஒல்லியான உடம்பு, தொட்டிக்குள் மடங்கி உட்கார்வதற்கென்றே செய்தது போல. நகக்கண்களில் காய்ந்த மாவு. வாசலில் நின்று, "ஃபிட்டர் தம்பி இருக்காரா?" என்றார்.

"பால் வாங்கப் போயிருக்காரு. வாங்கக்கா, உள்ள வந்து உக்காருங்க," என்றாள் ஃபிட்டரின் மனைவி.

சுரண்டியக்கா சமையலறை முக்காலியில் நுனியில் உட்கார்ந்தார். தூங்கும் குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"பாப்பா மூச்சு இப்ப சீரா இருக்கு."

"இருக்குக்கா. நேத்து பயந்துட்டோம்."

"தெரியும்மா. தம்பி தொட்டிக்குள்ள தலைய நீட்டித்தான் என்கிட்ட விஷயத்தச் சொல்லிட்டுப் போனாரு. குரலே மாறிப் போச்சு அவருக்கு."

அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நேற்றைய ரொட்டித் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்தாள். சுரண்டியக்கா அதைப் புரட்டிப் பார்த்து, "இது முந்தாநாள் மாவு. நல்லா வந்திருக்கு," என்று சொல்லித் தேநீரில் தோய்த்தார்.

"அவர எதுக்குக்கா பாக்கணும்?"

"ஒரு யோசனை கேக்கத்தான். இன்னிக்கி விசாரணையில என்ன சொல்லணும்னு தெரியல. தம்பி பூட்ட நம்பி உள்ள இருந்தேன்னு சொன்னா, ஏன் பூட்ட விட்டுட்டுப் போனன்னு அவர் மேல ஏறுவாங்க. சொல்லலேன்னா நான் பூட்டில்லாம தொட்டிக்குள்ள போனேன்னு ஆயிரும். எப்படிப் பாத்தாலும் ஒருத்தருக்கு வம்பு. என்னால வந்ததுன்னு இருக்கக் கூடாது பாரு. அவரு நல்ல மனுஷன். மத்தவங்க பூட்டுப் போட்டா, சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டுவாங்க. இவரு ஒரு நாளும் விரட்டினதில்ல."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கேட்கக் கூடாது என்று இரவெல்லாம் நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நீங்க எப்பக்கா வெளிய வந்தீங்க?"

"தண்ணி ஆறிப் போச்சும்மா. பச்சைத் தண்ணியில காஞ்ச மாவு விடாது, இழுத்தா இரும்போட ஒட்டிக்கும். வெந்நீர் வேணும். சுரண்டிய உள்ளயே வச்சிட்டு வாளிய மட்டும் எடுத்துக்கிட்டு அடுப்புப் பக்கம் போனேன். ரொப்பிக்கிட்டுத் திரும்பி வர்றேன், தொட்டி சுத்துது."

"தண்ணி ஆறலேன்னா?"

"ஆறிடுச்சே."

"ஆறலேன்னாக்கா?"

சுரண்டியக்கா கிளாஸைக் கீழே வைத்தார். "உள்ள இருந்தா வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்காதும்மா. வெயில் நாள்ல அதுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். சில நாள் அப்படியே கண்ணு சொக்கும். பூட்டு இருக்கேன்னு ஒரு தைரியம்தான். வேற என்ன?"

அவள் எழுந்து, காரணமில்லாமல் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். 'அங்க வேற யாரு இருக்கப் போறாங்க.' அந்த வாக்கியம் அவளுடையதுதான். குழந்தையைத் தட்டிக்கொண்டே, பாதிக் கவனத்தோடு போனில் சொன்னது. அதைச் சொன்னபோது போனுக்குள் தம்பியின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. அடித் தொண்டையில் ஒரு ஆண்குரல். தம்பியிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கணவனிடம் சொல்லவுமில்லை.

ஃபிட்டர் பால் பாக்கெட்டோடு வந்தார். சுரண்டியக்கா எழுந்து நின்று அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். ஃபிட்டர் பாலை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"நடந்ததச் சொல்லுங்கக்கா," என்றார்.

"உங்களுக்கு?"

"அத நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மாள் போன பிறகு மனைவி எதுவும் பேசவில்லை. நேற்று அத்தனை பேசியவள் இப்படி வாயை மூடிக்கொண்டது ஃபிட்டருக்கு இன்னும் பயமாக இருந்தது. வெட்டுப்பட்ட பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் பார்த்தாள். தடுக்கவில்லை.

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே, வேலை போன அந்த மூட்டைக்காரன் இப்போது வண்டி கழுவிக்கொண்டிருந்தான். எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருப்பவன் என்பதால் பம்பரம் என்று பெயர். ஃபிட்டரைப் பார்த்ததும் குழாயைத் திருப்பி வழி விட்டான்.

"வாங்க சாட்சி சார். இன்னிக்கு யாரு பக்கம் விரல நீட்டப் போறீங்க? சொந்தக்காரன்னா விரல் மடங்கிக்குமாமே, உண்மையா?"

ஃபிட்டர் நிற்காமல் போனார்.

"கோவிச்சுக்காதீங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் வெட்டினப்ப என் பேச்ச யாரும் கேக்கக்கூட இல்ல. இன்னிக்காவது எல்லார்கிட்டயும் கேக்கச் சொல்லுங்க."

உள்ளே பெரிய தொட்டி ஓடாததால் கட்டடமே வேறு மாதிரி இருந்தது. மற்ற நாட்களில் கத்திப் பேச வேண்டிய இடத்தில் ஆட்கள் கிசுகிசுத்துக்கொண்டு நின்றார்கள். ரொட்டியைப் பொட்டலம் கட்டும் அறையில் விசாரணை. நீள மேஜையின் பின்னால் நடுவில் சின்னவர், அவருக்குப் பக்கத்தில் பெரியவர். எதிரே சுவரோரமாக ஒரு மரப்பெஞ்சு. விசாரிக்கப்படுகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும். சுரண்டியக்கா ஏற்கெனவே ஓர் ஓரத்தில் இருந்தார். அவருக்கு அடுத்து ஃபிட்டர், மறு ஓரத்தில் மைத்துனன். மின்விசிறி சுற்றியும் வியர்த்தது.

சின்னவர் இடது கையால் எழுதுவார். எழுதும்போது தாள் நகராமலிருக்க அதன்மேல் ஒரு எடைக்கல்லை வைத்துக்கொள்வார். அண்ணன் போட்ட சோற்றில் இருப்பவர் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

முதலில் பெரியவரே பேசினார். "இதுல விசாரிக்க ஒண்ணுமில்ல. அந்தம்மா சாமான உள்ள போட்டுட்டு வந்துட்டாங்க. பூட்டில்லாம உள்ள போகக் கூடாதுங்கறது விதி. மீறிட்டாங்க. அனுப்பிட்டு வேற ஆளப் பாப்போம். அச்சு மாத்துற வேலைய கவனிப்போம்."

"என்கிட்ட பூட்டே இல்லிங்களே ஐயா," என்றார் சுரண்டியக்கா.

"கான்ட்ராக்ட் ஆளுக்கு எப்படிப் பூட்டு குடுப்பாங்க? நீங்க நம்ம ஊழியரே இல்ல. அந்த விதி ஊழியர்களுக்கு."

"அப்ப அந்த விதி என்னைக் காப்பாத்த வராது, வெளிய அனுப்ப மட்டும் வருங்களா?"

அவர் எதிர்த்துப் பேசவில்லை. விளங்காமல்தான் கேட்டார். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். சின்னவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஃபிட்டர் பக்கம் திரும்பினார்.

"கிளம்புறப்ப பூட்டைக் கழட்டினீங்களா?"

ஃபிட்டர் எழுந்தார். மைத்துனன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார்." பையிலிருந்து பூட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "என் பூட்டு. அவங்க உள்ள இருந்தாங்க. அதனாலதான் விட்டுட்டுப் போனேன். வேற யாருகிட்டயாவது ஒப்படைச்சிட்டுப் போயிருக்கணும். புள்ளைக்கு முடியலேன்னதும் ஓடிட்டேன். அது என் தப்பு."

"தப்புதான்," என்றார் சின்னவர். "அதுக்குத் தனியா பதில் சொல்ல வேண்டி வரும்."

"சொல்றேன் சார்."

சின்னவர் பூட்டைக் கையில் எடுத்தார். பாதியில் நின்ற வெட்டை விரல் நுனியால் தடவினார். "வெட்டினது?"

"நான்தான் சார்," என்றான் மைத்துனன்.

"யாரு வெட்டச் சொன்னது?"

மைத்துனன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் வெட்டினேன்."

ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். இவன் இப்படித்தான் சொல்வான் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பெரியவர் இவனை எங்காவது வைத்துக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை. சின்னவர் மறுபடி எழுதக் குனிந்தார்.

"பொய் சொல்லாதடா."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். இடுப்பில் குழந்தையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்ததில் அவளுக்கே மூச்சு வாங்கியது. குழந்தை அறையைப் பார்த்து மிரண்டு, தாயின் தோளில் முகத்தைப் புதைத்தது.

"யாரு இது? விசாரணை நடக்குற இடத்துல," என்றார் பெரியவர். "வெளிய போகச் சொல்லு."

"நான் இவனோட அக்கா. போன்ல பேசினது நான்தான்." அவள் சின்னவரைப் பார்த்தே பேசினாள். அவரைப் பார்த்தால்தான் அவளால் பயப்படாமல் பேச முடிந்தது. "வேற யாரும் அங்க இல்லன்னு நான்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன். இந்த அக்கா உள்ள இருந்திருந்தா..." அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "ஆனா அவனா வெட்டல சார். 'அக்கா, இருக்கட்டுமா, வெட்டட்டுமா'ன்னு அவன் என்கிட்ட கேக்குறான். பின்னாடி குரல் கேட்டுது. 'இன்னும் என்னடா போன்ல, வெட்டுன்னு சொல்றேன்ல.' இவரு குரல்தான். இப்பப் பேசினாரே, அதே குரல்."

"போன்ல ஆயிரம் சத்தம் கேக்கும்," என்றார் பெரியவர்.

"அக்கா, சும்மா இரு," என்றான் மைத்துனன்.

"இருந்தது போதும்டா. உள்ள ஆள் இருக்கான்னு நீயும் பாக்கல, நானும் கேக்கல, இவரும் கேக்கல. அந்தம்மா மட்டும் வீட்டுக்குப் போகணுமா?"

சின்னவர் எடைக்கல்லை எடுத்து, தாளைத் திருப்பி, மறுபடி கல்லை வைத்தார். ஒற்றைக் கையால் இதையெல்லாம் செய்ய நேரம் பிடித்தது. யாரும் உதவ முன்வரவில்லை.

"அண்ணே," என்றார் பிறகு. "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

"எந்தப் பக்கம்?"

சின்னவரின் கையில் பேனா இருந்தது. தாடையால் பெஞ்சைக் காட்டினார்.

"என்னடா பேசுற? இது என்னோட இடம். அந்தப் பலகைய மாட்டினதே நான்."

"நீங்கதாண்ணே மாட்டினீங்க. ஏணிய ஒரு பக்கம் நானும் பிடிச்சேன், இந்தக் கையால." அவர் குரல் உயரவில்லை. உதட்டுக்கு மேலே வியர்வை பூத்திருந்தது. "யாராக இருந்தாலும்னு எழுதச் சொன்னதும் நீங்கதான். உங்ககிட்ட சில கேள்வி கேக்கணும். என் பக்கத்துல உக்காந்திருக்கிறவர்கிட்ட என்னால கேக்க முடியாது."

பெரியவர் எழுந்தார். வாசலுக்குப் போகப் போகிறாரா பெஞ்சுக்கு வரப் போகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். குழந்தையின் மூச்சு லேசாக இழுக்கும் சத்தம் அந்த அறை முழுவதும் கேட்டது.

பெஞ்சில் மைத்துனன் ஓரத்துக்கு ஒதுங்கினான். ஃபிட்டர் அவனோடு ஒட்டி உட்கார்ந்தார். நடுவில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. அந்த இடத்தில் படிந்திருந்த மாவைச் சுரண்டியக்கா, கைப்பழக்கத்தில், உள்ளங்கையால் ஒருமுறை வழித்துவிட்டார்.